லயத்துக்கு ஒரு பிள்ளை

என்னைத் தோட்டத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் மருத்துவச்சியம்மா, முதுகுக்குப் பின்னால் கடுகு. எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடிப்பவள் என்று பொருள். அந்தப் பட்டத்தைக் கட்டியவள் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தங்கைதான். அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது பதினான்கு. அவளைக் குளிப்பாட்டி, பேன் பார்த்து, அடித்து, அழவைத்து, பிறகு மடியில் போட்டுச் சோறூட்டி வளர்த்தவள் நான். அவள் எனக்குப் பட்டம் கட்டாமல் வேறு யார் கட்டுவார்கள்?

மாத்தளை டவுனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், இறங்கியபின் ஏற்றத்தில் இரண்டு மைல் கட்டை நடை. மேலே தேயிலை, கீழே பள்ளத்தில் கொக்கோவும் மிளகும். அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், ஒற்றையறைக் காம்பரா ஒன்றில் பிறந்து, டவுன் கன்னியாஸ்திரிகளின் தயவில் படித்து, கண்டியில் பயிற்சி முடித்து, அதே தோட்டத்துக்கு மருத்துவச்சியாகத் திரும்பி வந்தேன். டிஸ்பென்சரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு கொடுத்தார்கள். கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டு வந்த இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துவிட்டு வந்த வழியே ஓடினார்கள் என்று தங்கை சொல்லிச் சிரிப்பாள். ஓடியது ஒருவன்தான். மற்றவனை நானே அனுப்பினேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு நின்று தண்ணீர் குடிக்க நேரமிருந்ததில்லை. ஒரு லயத்தில் ஒருத்திக்கு இடுப்பு வலி எடுத்திருக்கும்போதே அடுத்த லயத்திலிருந்து ஆள் ஓடிவரும். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் சேலைத் தொட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ஒன்று அழத் தொடங்கினால் வரிசையாக எல்லாம் அழும். அந்தச் சத்தம் டிஸ்பென்சரி வரைக்கும் கேட்கும், எனக்குத் தலை வெடிக்கும். பெண்களைப் பிடித்து ஏசுவேன். "வருசம் தவறாம வந்து நிக்கிறியே, ஒனக்கும் ஒம் புருசனுக்கும் வேற வேலையே இல்லியா?" என்பேன். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அடுத்த வருடமும் வந்து நிற்பார்கள். அப்போதெல்லாம் என் வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகுதான் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு. எங்களிடம் ஒரு தாளைக் கொடுத்து எந்த நாடு வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். எங்கள் அப்பா அதற்கு முன்பே, மனுப்போட்டு, அலைந்து, எப்படியோ இந்நாட்டுப் பிரஜாவுரிமைப் பத்திரத்தை வாங்கி, அதை விசுக்கோத்துத் தகரத்தில் வைத்துவிட்டுச் செத்துப்போனார். அதனால் எனக்குக் கவலையில்லை, தங்கைக்கும் கவலையில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். பக்கத்து டிவிசன் பையன். குடிப்பானா என்று விசாரித்தேன், குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவானா என்று கேட்டேன், போனான். அம்மாக்காரி எப்படிப்பட்டவள் என்று மூன்று பேரிடம் கேட்டேன், தங்கம் என்றார்கள். எல்லாம் கேட்ட நான், அந்தக் குடும்பம் எந்த நாட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களில் அன்றைக்கு யாருமே அதைக் கேட்டுப் பெண் கொடுக்கவில்லை. கோவிலில் தாலி கட்டி, விருந்தும் முடிந்து, வெற்றிலை போடும்போது சம்பந்தியம்மா சாவகாசமாகச் சொன்னாள்: "நாங்க இந்தியாவுக்குத்தானே எழுதியிருக்கோம்." புருஷன் போனால் பெண்சாதியும் போகத்தானே வேண்டும். நான் வெளியே போய் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தேன்.

ஆனாலும் உடனே யாரும் போய்விடவில்லை. தாள் போய், தாள் வந்து, வருடங்கள் ஓடின. எழுபதுகள் பிறந்தபின்தான் ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்தத் தொடங்கியது. போனவர்கள் எப்படிப் போனார்கள் என்பதை மருத்துவச்சியின் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று போனார்கள். தனிக் குடும்பமாகப் பதிந்துகொண்டிருந்த இளசுகளுக்குத்தான் முதலில் கடுதாசி வந்தது. போதாததற்கு மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்து, எங்கும் எழுதாத பையன்களும் காடு வெட்டி விவசாயம் செய்யலாமென்று வவுனியாப் பக்கம் இறங்கிவிட்டார்கள். அப்பாவைப் போல இந்நாட்டுப் பத்திரம் வாங்கியிருந்த கிழடுகளும், சாகப்போகிற காலத்தில் கப்பல் எதற்கு என்று ஒளிந்துகொண்ட கிழடுகளும் மிஞ்சினார்கள்.

ஆள் குறைந்தால் எல்லாரும் சமமாகக் குறைவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பிள்ளை பெறும் வயதுக்காரர்கள் போனால், அவர்கள் மட்டும் போவதில்லை. அவர்கள் பெறப்போகும் பிள்ளைகளும் அவர்களோடு கூடவே போய்விடுகிறார்கள். இதை எனக்குப் படித்தவர்கள் யாரும் சொல்லித் தரவில்லை. என் பிரசவப் புத்தகம் சொல்லித் தந்தது. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு பக்கம் நிரம்பும். அந்தப் புத்தகத்தின் கடைசி நிரம்பிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இரண்டு வரி எழுதிவிட்டு வருடம் முழுக்கச் சும்மா இருந்தேன். என் பையில் கத்தரிக்கோலும் நூலும் அடியில் போய், தைலப் போத்தல் மேலே வந்தது. பிள்ளை பிறக்கும் வீடுகளுக்கு ஓடிய அதே படிகளில் ஏறி, கிழவிகளின் முழங்காலைத் தேய்க்கப் போனேன்.

அந்த வறண்ட வருடத்தில்தான், கல்யாணமாகி ஐந்தாறு வருடம் சும்மா இருந்த என் தங்கை முழுகாமலிருந்தாள்.

அவள் வந்து சொன்னபோது நான் அவள் முதுகில் ஓங்கி ஒன்று போட்டேன். எனக்குச் சந்தோஷம் வந்தாலும் கை நீளும். இரண்டு பேரும் அழுதோம். அவளுக்கு வாந்தி நின்று, வயிறு தெரியத் தொடங்கிய ஆடி மாதத்தில், மாப்பிள்ளை வீட்டுக்குப் பயணக் கடுதாசி வந்தது. மாமனார் மாமியாருக்கு ஒன்று, மாப்பிள்ளையின் தம்பி குடும்பத்துக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒன்று. ஆவணி கடைசிக்குள் எல்லாரும் கப்பலேற வேண்டும்.

மாதம் ஏறிய பெண்களைக் கப்பலில் ஏற்றமாட்டார்களாம், தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரின் கடுதாசி வேண்டுமாம் என்று கண்டியிலிருந்த இந்திய விசா ஆபீசுக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். டிஸ்பென்சர் மாத்தளை டவுன்காரர், நல்ல மனுசன், ஆனால் பிரசவ விஷயம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆவணி பிறந்த இரண்டாம் நாள் தங்கையும் மாமியாரும் அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். நான் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"எத்தன மாசம்?" என்று அவர் தங்கையைப் பார்க்காமல் கேட்டார்.

மாமியார் முந்திக்கொண்டாள். "எட்டுங்க ஐயா. எட்டு நடக்குது."

எங்கள் ஆட்களின் கணக்கு அப்படித்தான். கடைசியாகத் தலைக்கு ஊற்றிய மாதத்தை ஒன்று என்று எண்ணுவார்கள். புது மாதம் பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தாலும் அதையும் முழுசாகச் சேர்ப்பார்கள். பிள்ளை பத்து மாதத்தில் பிறக்கும் என்பது அந்தக் கணக்கில்தான். தங்கை தைக் கடைசியில் முழுகியவள். மாமியார் தையிலிருந்து விரல் மடக்கி ஆவணிக்கு எட்டு என்றாள். ஆஸ்பத்திரிக் கணக்கில் ஆறு முடிந்து ஏழு நடந்தது. தாராளமாகக் கப்பல் ஏறலாம். வாரம் தவறாமல் அந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா?

"எட்டுன்னா ஏலாதே," என்றார் டிஸ்பென்சர். "கப்பல்ல வலி வந்தா யாரு பாக்குறது? புள்ள பெத்துட்டுத்தான் போகணும்." பேனாவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். "சரிதானே நர்ஸ்?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த பஞ்சுப் போத்தலின் மூடியை இறுக்கித் திருகினேன். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. அவர் என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு எழுதிவிட்டார். பேச வேண்டாத இடத்திலெல்லாம் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். பேச வேண்டிய ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் தங்கை என்னைவிட்டுப் போகக்கூடாது. போனாலும் அந்தப் பிள்ளையை என் கையால் வாங்காமல் போகக்கூடாது.

பிள்ளை பிறந்தபின் அதற்குப் பிறப்புப் பத்திரம் எடுத்து, பாஸ்போட்டில் சேர்த்து, மறுபடி விசாவுக்கு எழுதி, மறுபடி முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வருடமோ, இரண்டு வருடமோ. எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. வெளியே வந்த மாமியார் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "ஏழுன்னு சொல்லியிருக்கப்படாதா? என் வாயாலேயே கெடுத்துட்டேனே!" அவள் தோளைத் தொட்டு, "அத்தை, விடுங்க" என்றேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆவணி முடிவதற்குள் அந்தக் குடும்பம் போய்விட்டது, என் தங்கையையும் மாப்பிள்ளையையும் தவிர. போகும்போது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஆட்களில் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைக்கும் முதல் இனிப்பு. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை.

"நான் வைக்கணும்னு இருந்தேன், குடுத்து வைக்கல," என்றாள். "யாராச்சும் பொறுமசாலியாப் பாத்து வைக்கச் சொல்லு தாயி. நீ மட்டும் வச்சிறாத. வீட்டுக்கு ஒரு கடுகு போதும்."

அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அந்த மனுஷியின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

ஐப்பசி மழையில் பிள்ளை பிறந்தான். ஒரு பகல் முழுக்க வலியில் கிடந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் பெற்றாள். ஆயிரம் பிள்ளையை வாங்கிய கை என்று பெருமையடித்துக்கொள்பவள் நான், அவனைத் துடைக்கக்கூட மறந்து மார்போடு அணைத்துக்கொண்டேன். அவன் அழுத சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. கேட்க ஆள் இருந்த காம்பராக்கள் எல்லாம் திறந்துகொண்டன. தடியூன்றி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, மழையில் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கிழவன்களும் கிழவிகளும் வந்தார்கள். பூசைக்கு வருவதுபோல வாசலில் வரிசையாக நின்றார்கள். ஒரு கிழவி பிள்ளையைப் பார்த்துவிட்டு வெளியே போய், மறுபடி வரிசையின் கடைசியில் நின்று இன்னொரு தரம் பார்க்க வந்தாள்.

சேனை வைக்கப் பொறுமைசாலியைத் தேடினோம். ஒருத்தி சண்டைக்காரி, ஒருவர் கஞ்சன், இன்னொருத்தி எதற்கெடுத்தாலும் அழுபவள். கடைசியில் கொக்கோத் தோட்டத்துக் காவல்காரர்தான் பொருத்தம் என்று முடிவானது. அவருக்குக் காது கேட்காது, அதனால் கோபமும் வராது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் நான் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. திருட்டுத்தனம் பழகிவிட்டால் ஒன்றோடு நிற்காது.

ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டேன். கோபப்பட்டது, ஏசியது, பூசையைத் தவறவிட்டது எல்லாம் சொன்னேன். பஞ்சுப் போத்தல் மூடியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அதைத் திருத்தச் சொல்வார் சாமியார். எனக்குத் திருத்த விருப்பமில்லை.

அந்த மூன்று வருடத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்த காலம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதை மறைக்க எனக்கு வெட்கமில்லை. காலையில் அவனை என்னிடம் விட்டுவிட்டுத் தங்கை கொழுந்தெடுக்கப் போவாள். பிள்ளைக்காம்பராவை மூடி உர மூட்டை அடுக்கிவிட்டார்கள். ஒரு பிள்ளைக்காக ஆயாவுக்குச் சம்பளம் கொடுக்கத் தோட்டத்துக்கு மனமில்லை. எனக்கு வேலை இருந்தால் அவனைக் கிழவிகளிடம் விடுவேன். அவனுக்குத் தாய் வீடு, பெரியம்மா வீடு என்று இல்லை, லயம் முழுக்க அவன் வீடு. ஒருத்தி மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருப்பாள், ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு கொக்கோப் பழம் பறிக்கக் கூட்டிப்போவார். அவனுக்காகச் சண்டை நடக்கும். "நேத்து ஓங்கிட்டதானே இருந்தான், இன்னைக்கு எங்கிட்ட குடு."

அவனுக்கு இரண்டு வயது நிரம்பியபோது அக்கரையிலிருந்து கடிதம் வந்தது. மாமியார் இறந்துவிட்டாள். காய்ச்சலாம். கடைசி வரைக்கும் பேரன் நடக்கிறானா, என்ன பேசுகிறான் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். மாப்பிள்ளை கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அந்தி வரைக்கும் ஒன்றும் நடாத மண்ணைக் கொத்திக்கொண்டே இருந்தார். நான் தேயிலைச் சாயத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். "அம்மா பாவம்க்கா," என்றார், "அந்த எட்ட ஏழுன்னு சொல்லியிருந்தா புள்ளயப் பாத்திருக்கும்." கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

அதற்கப்புறமும் நான் அவர்களைப் போகவிடுவதாக இல்லை. கண்டியிலிருந்து கேட்ட பத்திரங்களில் நான் எடுத்துக் கொடுக்க வேண்டியது ஒன்று இருந்தது, பிள்ளையின் பிறப்பு பற்றி. இன்றைக்கு, நாளைக்கு என்று அதைத் தள்ளிக்கொண்டே போனேன். என் மனதை மாற்றியது வேறொன்று.

ஒரு பகல் நான் தைலப் பையோடு லயத்துக்குப் போனபோது, முற்றத்தில் கிழவிகள் வட்டமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவன் விளையாடிக்கொண்டிருந்தான். மூன்று வயது. கையில் ஒரு தடி. இடுப்பில் ஒரு கையை வைத்து, முதுகை வளைத்து நடந்தான். நின்று நின்று இருமினான். உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா, ஆண்டவரே, எப்ப கூப்புடுவீரு?" என்றான். கிழவிகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவன் ஒரு விறகுக்கட்டையை எடுத்து, கந்தல் துணியால் மூடி, தரையில் நீட்டிக் கிடத்தினான். அதன் பக்கத்தில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தான். "என்ன விட்டுட்டுப் போனியே, என் ராசா, இனி யாரு இருக்கா எனக்கு!" ராகம் பிசகவில்லை. ஒரு சொல்லும் விடவில்லை.

அவன் பிறந்த நாளிலிருந்து அந்தத் தோட்டத்தில் ஒரு கல்யாணம் நடக்கவில்லை. இன்னொரு பிள்ளை பிறக்கவில்லை. அவன் பார்த்ததெல்லாம் சாவு மட்டும்தான். தூக்க ஆளில்லாமல் வழியில் நாலு இடத்தில் இறக்கி வைத்துச் சுமந்துபோன பெட்டிகள் மட்டும்தான். அவனுக்குப் பந்து உருட்ட ஒரு ஆள் இல்லை, கிள்ளி அழவைக்க ஒரு ஆள் இல்லை. ஒளிந்து விளையாடலாம் என்றால் தேடி வர யாருக்கும் முழங்கால் இல்லை. என் சிரிப்பு நின்றுவிட்டது. நான் எனக்காக ஒரு பிள்ளையை இங்கே நிறுத்தி வைத்து, அவனைக் கிழவனாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுவாரமே பத்திரத்தை எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போனேன். அங்கே ஒரு கிளார்க் நாளைக்கு வா என்றான். என் வாயை அன்றைக்குத்தான் நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினேன். வரிசையில் நின்றவர்கள் கைதட்டாத குறை. அதற்கப்புறம் மாதம் தவறாமல் போனேன். எந்தப் பயணத்தைத் தடுக்க வாயை மூடினேனோ, அதே பயணத்துக்காக வாய் கிழியக் கத்தினேன்.

விசா வந்தது. தங்கை தகரப்பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மாப்பிள்ளை வெளியே போயிருந்த நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"ஒரு விசயம் சொல்லணும். அன்னைக்கு டிஸ்பென்சரில அத்தை எட்டுன்னாங்கல்ல. ஏழுதான் நடந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்."

அவள் அடுக்குவதை நிறுத்தவில்லை. ஒரு சின்னச் சட்டையை மடித்து, தடவி, பெட்டிக்குள் வைத்தாள்.

"வயித்துல சொமந்தவ நான். எனக்கு மட்டும் தெரியாதாக்கா?"

நான் பெட்டி ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"நீ சொல்லுவியான்னு ஒன் மொகத்தப் பாத்தேன்," என்றாள். "நீ மூடியத் திருகிக்கிட்டே நின்ன. சரி, அக்காவுக்கும் மனசில்லன்னு நானும் வாயத் தொறக்கல. பயமா இருந்துச்சு. அம்மா இல்லாதவ நான். நீயும் இல்லாத எடத்துல எப்புடிப் புள்ள பெக்குறது?" இன்னொரு சட்டையை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள். "அத்தை செத்த சேதி வந்தப்ப அவரு அழுதாரே, அன்னைக்குத்தான் நம்ம செஞ்சது என்னன்னு வெளங்குச்சு. அவர்ட்ட நீ சொல்லிராத. நான் சாகுறவரைக்கும் இது என்கூட இருக்கட்டும்."

நான் அவளை அடிக்கக் கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. கட்டிக்கொண்டேன். அவள் தலைமயிரில் என் வீட்டுச் சிகைக்காய் மணம் இருந்தது. இனி அந்தத் தலையை எந்தக் காலத்தில் தொடப்போகிறேன் என்று நினைத்து நினைத்து அழுதேன். அவள் போகிறாள் என்பதைவிட, அவளை நானே அனுப்புகிறேன் என்பதுதான் தாங்கவில்லை.

பயணத்தன்று மாத்தளை ஸ்டேசனுக்கு லயத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நடக்க முடியாதவர்களையும் பஸ்ஸில் தூக்கி ஏற்றிக் கொண்டுவந்தோம். வேறு தோட்டங்களிலிருந்தும் அன்றைக்குப் பயணக்காரர்கள் வந்திருந்தார்கள். கப்பல் புறப்படும் தலைமன்னாருக்குப் போகிறவர்களுக்கென்று பெட்டிகள் ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பெட்டிகளில் ஜன்னலுக்கு ஜன்னல் பிள்ளைகள். கம்பியில் தொங்கும் பிள்ளைகள், மடியில் தூங்கும் பிள்ளைகள், மூக்கு ஒழுகும் பிள்ளைகள், ஒரு பணிசு ரொட்டிக்காக ஒன்றையொன்று பிறாண்டும் பிள்ளைகள். மூன்று வருடமாக என் பிரசவப் புத்தகத்தில் காணாமற்போனவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள்.

அவன் என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அத்தனை பிள்ளைகளை ஒன்றாக அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. முதலில் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தான். பிறகு தலையை மட்டும் நீட்டிப் பார்த்தான். பெட்டி வாசலில் நின்ற ஒரு சிறுமி அவனைப் பார்த்து நாக்கை நீட்டிப் பழித்துக் காட்டினாள். அவன் சிரித்தான். நான் வாங்கிய பிள்ளை, நான் வளர்த்த பிள்ளை. ஆனால் அப்படியொரு சிரிப்பை நான் அதுவரை அவனிடம் கேட்டதில்லை.

"விடு பெரியம்மா," என்றான்.

என் விரலை அவன்தான் பிடித்திருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தேன். அவன் எப்போதோ விட்டுவிட்டான். நான்தான் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

விட்டேன். அவன் ஓடினான். படி உயரமாக இருந்தது. அந்தச் சிறுமி கையை நீட்டி இழுத்து ஏற்றிக்கொண்டாள். பிள்ளைகளுக்கு நடுவே அவன் தலை எது என்று எனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. ரயில் நகர்ந்தபோது தங்கை ஜன்னலில் முகத்தை வைத்து, "அக்கா, அக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனாள். அவன் எனக்குக் கை காட்டவில்லை, அவனுக்கு அங்கே வேலை இருந்தது.

ரயில் போனபின் பிளாட்பாரத்தில் நின்றவர்களைப் பார்த்தேன். எல்லாருக்கும் தலை வெளுத்திருந்தது. காது கேளாத காவல்காரர், ரயில் போய்விட்டதா என்று என்னிடம் சைகையில் கேட்டார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு. அங்கே நின்றவர்களில் நான்தான் இளையவள். அவர்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்ற யாராவது வேண்டுமே என்று, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.